அய்யாவின் குடலுக்குள் ஒரு மரு

வெளிக்குப் போகிற விஷயத்தையெல்லாம் ஒரு பெண் எழுதுவதா என்று எங்கள் தெருவில் கேட்பார்கள். கேட்கட்டும். ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டு மருவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்களுடைய மகள்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். அய்யா மாட்டுத் தரகர். சந்தையில் அவர் கை பட்டால் மாடு விற்றுவிடும் என்று சொல்வார்கள். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு எட்டு வருடமாக வீட்டில் நானும் அய்யாவும்தான். பக்கத்துத் தெருவில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள்.

அய்யாவுக்கு ரத்தம் போனது எனக்குத் தெரியாது. துத்தி இலை பறித்து வந்து தருவார், வெங்காயம் போட்டு வதக்கிக் கொடுப்பேன். "எதுக்குய்யா தெனமும் இது?" என்று கேட்டால், "ஒடம்பு சூடு" என்பார். மூலத்துக்கு அந்த இலையைத் தின்பார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அதற்கு மேல் கேட்கவில்லை. எட்டு மாதம் அந்த இலையை வதக்கினேன்.

ஒரு சந்தை நாளில் மயங்கி விழுந்தார். உசிலம்பட்டி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்லையே, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். அங்கே யாரும் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. முதலில் பின்பக்கமாக வெள்ளை மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். அந்த மருந்து குடலுக்குள் நிறையும்போது, எங்கே சதை வளர்ந்திருக்கிறதோ அங்கே மட்டும் படத்தில் ஓட்டை மாதிரி தெரியும். அய்யாவின் படத்தில் இடது பக்கம் அப்படி ஒன்று தெரிந்தது.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுவார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"குடலுக்குள்ள ஒரு மரு வளந்திருக்கும்மா. காளான் மாதிரி காம்பு வச்சுத் தொங்குது. பாலிப்னு சொல்லுவோம். இத விட்டா நாளைக்குப் புத்துநோயா மாறலாம். முன்ன எல்லாம் வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். இப்பக் குழாய் வந்திருக்கு. நுனியில விளக்கு இருக்கும். அதுக்குள்ளயே கம்பியச் சுருக்குப் போட்டு விட்டு, காம்புல மாட்டி, கரண்ட் குடுத்து அறுத்துரலாம். வலிக்காது."

அய்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுக்குள்ள விடுவீக கொழாய?" என்றார். டாக்டர் சொன்னார். அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாங்க மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாப்போம் சார். நீங்க வாலத் தூக்கிப் பாக்குறீக."

டாக்டர் சிரித்தார். கூட இருந்த சிஸ்டரும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

குழாய் விடுவதற்கு முன்னால் குடல் காலியாக இருக்க வேண்டுமாம். இரண்டு நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர், விளக்கெண்ணெய். அப்புறம் எனிமா. வார்டுக் கக்கூஸ் கடைசியில் இருந்தது. அய்யா சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் போய் வந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆட்டோக்காரர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவர், "அண்ணே, அங்கயே ஒரு கட்டில் போடச் சொல்லவா?" என்று கேட்டார். அய்யா, "போட்டா நீ வாடகைக்கு வந்துருவ மாப்ள" என்றார். ஆட்டோக்காரருக்குச் சிரித்தால் தையல் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கண்ணே, செத்துருவேன்" என்றார். அவருடைய சம்சாரம் எனக்குக் காலையும் மாலையும் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தது. என் பேரைக்கூட அது கேட்கவில்லை. டம்ளரை நீட்டும், அவ்வளவுதான்.

மருவை எடுத்த அன்று நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு மீன் தொட்டி. ஒரு மீன் செத்து மிதந்தது, யாரும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் டாக்டர் சின்ன பாட்டிலோடு வந்தார். மருந்துத் தண்ணீரில் நாவல்பழம் மாதிரி ஒன்று கிடந்தது, காம்போடு. "இதான்" என்றார். இதுவா எட்டு மாதமாக அய்யாவின் ரத்தத்தைக் குடித்தது என்று பார்த்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அதைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகவும், நல்லதா கெட்டதா என்று தெரிய மூன்று வாரம் ஆகும் என்றும் சொன்னார்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வைத்துச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் முக்கியம்.

"அறுத்த எடத்துல உள்ள பொருக்குத் தட்டியிருக்கும். முழங்கால்ல புண்ணு வந்தா ஆறுறப்பப் பொருக்கு விழுமில்ல, அது மாதிரி இதுவும் ஒரு வாரம் பத்து நாள்ல விழும். நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஒருசிலருக்கு மட்டும் அந்த எடத்துல ரத்தக் குழாய் திறந்துக்கும். அப்ப ரத்தம் போகும். ஒரு தடவ லேசாப் போனாப் பரவால்ல. ரெண்டாவது தடவ போனாலே ஒடனே வந்துரணும். ராத்திரி பகல் பாக்கக் கூடாது."

டாக்டர் போன பிறகு சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னது. "ஆம்பளைங்க சொல்ல மாட்டாங்க. பதினாலு நாளைக்கு அப்பாவோட மலத்த நீதான் பாக்கணும். செவப்பா இருக்கா, கறுப்பா இருக்கா, எம்புட்டு இருக்குன்னு. புரியுதா?"

நான் தலையாட்டினேன். அய்யா கட்டிலில் உட்கார்ந்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தார். செக்கானூரணி தாண்டும்வரை முகத்தை வெளியேயே வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. ஊரில் முக்கால்வாசி வீட்டில் கிடையாது. ஆண்கள் ஓடைப் பக்கம் போவார்கள். பெண்கள் விடிவதற்கு முன்னால் கருவேலங்காட்டுப் பக்கம் போவோம். அந்தப் பக்கம் ஆண்கள் தலை வைக்க மாட்டார்கள், இந்தப் பக்கம் நாங்கள் போக மாட்டோம். வயசுக்கு வந்த பிள்ளை ஓடைப் பக்கம் நடந்தாலே ஊர் பேசும். அந்த ஊரில் நான் எப்படி அய்யாவின் மலத்தைப் பார்ப்பது? ஆஸ்பத்திரியில் தலையாட்டும்போதே எனக்கு இது தெரியும். அந்தச் சிஸ்டருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

சித்தப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். பதினாலு நாளைக்குக் கொல்லையில் படல் கட்டி ஒரு மண்சட்டி வைத்திருக்கலாம். மாட்டுச் சாணியைக் கையால் அள்ளுகிறவள் நான். கன்றுக்குட்டி கழிந்தால் நிறம் பார்த்து மருந்து கொடுத்திருக்கிறேன். அய்யா விஷயத்தில் மட்டும் வாய் வரவில்லை.

ஆறு நாள் நன்றாக இருந்தார். ரசம் சோறு, இட்லி. ஏழாம் நாள் காலையில் ஓடைக்குப் போனவர் திரும்பி வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி செம்பை எடுத்துக்கொண்டு போனார். எப்போதும் வெள்ளை வேட்டி கட்டுகிறவர், அன்றைக்கு ஊதாக் கைலி கட்டியிருந்தார். மதியம் பார்த்தால் அந்தக் கைலி வேலியில் ஈரமாகத் தொங்கியது. வேறு கைலியில் இருந்தார். அம்மா செத்ததற்குப் பிறகு அவர் ஒருநாள்கூடத் துணி துவைத்ததில்லை.

நான் வேலியைப் பார்த்தேன். கைலியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"அய்யா, சாப்பாடு செமிக்குதா?" என்று கேட்டேன்.

"செமிக்குது தாயி."

"வயிறு எப்பிடி இருக்கு?"

"எல்லாம் சரியாத்தேன் இருக்கு."

இவ்வளவுதான் நான் கேட்டது. ரத்தம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாளும் அதே மாதிரி. முகம் வெளுத்திருந்தது, வெயில் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு ஓடையிலிருந்து வந்து, வாசலில் செம்பை வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தார். தொட்டால் உடம்பு ஐஸ். உதடு தெரியவில்லை, முகமும் உதடும் ஒரே நிறம். கால் வழியாக வந்ததை அப்போதுதான் பார்த்தேன். சித்தப்பா ஓடி வந்தார். சந்தைத் தரகர் ஒருவர் உசிலம்பட்டியிலிருந்து அம்பாசடர் கார் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. பின்சீட்டில் அய்யாவின் தலை என் மடியில் இருந்தது. வழியில் எதையும் நான் யோசிக்கவில்லை. ரோட்டோரப் புளியமரங்களில் எழுதியிருந்த நம்பர்களை வாசித்துக்கொண்டே வந்தேன்.

அதே டாக்டர்தான். கையைப் பிடித்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். அய்யாவின் காதருகே குனிந்து கேட்டார்.

"எப்பத்திலருந்து ரத்தம் போகுது? எத்தன தடவ போச்சு? சொன்னாத்தான் எம்புட்டு ரத்தம் ஏத்தணும்னு எனக்குத் தெரியும்."

அய்யா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அத வெளிய போகச் சொல்லுங்க" என்றார். குரல் காற்று மாதிரி வந்தது.

"அதுக்கு நேரமில்ல பெரியவரே, சொல்லுங்க."

அய்யா கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்?

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, முழுக்கையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அய்யா முப்பது வருடம் அப்படிப் பேசியவர்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டேன். உள்ளே என் கையைக் கொடுத்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. "எத்தன தடவய்யா?" என்று கேட்டேன். அப்புறம் என் முழுக்கையையும் பிடித்தார். விட்டார். இரண்டு விரலைப் பிடித்தார்.

"ஏழு" என்றேன்.

"எப்பத்திலருந்து?"

மறுபடி இரண்டு விரல்.

"ரெண்டு நாளா."

டாக்டர் அந்தத் துண்டைப் பார்த்தார். சிஸ்டரிடம் திரும்பி, "நாலு பாட்டில் சொல்லு, தியேட்டரத் தயார் பண்ணு" என்றார். அன்றைக்கு என்னை மலத்தைப் பார்க்கச் சொன்ன அதே சிஸ்டர். அது என் முகத்தைப் பார்க்காமல் ஓடியது.

ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். தரகர்கள் நாலு பேர் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் ரத்தம் சேர்ந்தது. சித்தப்பாவும் கையை நீட்டினார். சோதித்துப் பார்த்தவர், "ஒங்களுக்கே ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குங்க, எடுக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார். சித்தி, "தின்னாத்தான ரத்தம் ஊறும், பீடியக் குடிச்சா?" என்று அங்கேயே ஏசியது. ஏசிவிட்டுத் தன் கையை நீட்டியது. சித்தியின் ரத்தம் சேர்ந்தது.

முதலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ரத்தம் நிறைந்திருந்ததால் எதுவும் தெரியவில்லையாம். வயிற்றைத் திறந்து அந்தத் துண்டுக் குடலை வெட்டி எடுத்தார்கள். மூன்று மணி நேரம். வெளியே வந்த டாக்டர், "ரத்தம் நின்னுருச்சு" என்றார். சித்தி கீழே விழுந்து கும்பிட்டது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மீன் தொட்டியில் தண்ணீர் மாற்றியிருந்தார்கள்.

ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் ரொம்ப நேரம் பிரஷர் இறங்கிக் கிடந்ததால் சிறுநீரகம் பட்டினி கிடந்திருக்கிறது என்று மறுநாள் சொன்னார்கள். உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுவாம். அது மறுபடி வேலை செய்தால் பிழைப்பார். கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை தொங்கியது. அதில் கோடு போட்டு நம்பர் இருக்கும். "இது ஏறணும்" என்றது சிஸ்டர்.

நான் தரையில் பைக்கு நேராக உட்கார்ந்தேன். நாலு நாள் அங்கேயேதான் இருந்தேன். ஒரு விரல்கடை அளவு கறுப்பாக இருந்தது. ஏறவில்லை.

இரண்டாம் நாள் பெட்பேன் வைக்க வேண்டியிருந்தது. ஆயாவைக் காணோம். நானே எடுத்தேன்.

"நீ வெளிய போ தாயி."

"போக மாட்டேன்யா. நான் பாக்கணும்."

அவர் துண்டை இழுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டார். நான் வைத்தேன், எடுத்தேன், பார்த்தேன். ரத்தம் இல்லை. "ரத்தம் இல்லய்யா" என்று சத்தமாகவே சொன்னேன். ஒன்பது நாள் வராத சொல் அவ்வளவு லேசாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

துண்டுக்குள்ளிருந்து அய்யா பேசினார். "சொல்லிருப்பேன். சொன்னா மறுபடி இங்க கூட்டியாருவீக. ஒன்னைய உக்கார வச்சு அதக் கேப்பாக. கல்யாணமாகாத பிள்ளகிட்டக் கேக்குற கேள்வியா?"

அவர் மேலும் சொன்னார். "மூணாந்தடவ போறப்பச் சொல்லணும்னுதேன் வந்தேன். நீ அடுப்புல இருந்த."

அதற்குப் பிறகு அவர் நிறையப் பேசவில்லை. மூன்றாம் நாள் முகம் வீங்கியது. விக்கல் வந்தது, நிற்கவே இல்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷின் மெட்ராஸில் இருக்கிறது, இந்த நிலைமையில் ரயிலில் கொண்டுபோக முடியாது என்றார் டாக்டர். நாலாம் நாள் மாலை நாலு மணி. வார்டில் டீக்காரர் வந்திருந்தார். ஒரு டீ வாங்கி ஆற்றிக்கொண்டிருந்தேன், அய்யாவுக்கு உதட்டை நனைக்க. விக்கல் நின்றது. விக்கல் நின்றுவிட்டதே என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவ்வளவுதான். டீயை என்ன செய்வது என்று தெரியவில்லை. குடித்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. ஊரில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைச் சீட்டை வாங்கப் போனேன். தனியாகத்தான் போனேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மரு நல்ல மருதாம்மா. புத்து இல்ல" என்றார்.

சீட்டை எடுத்து மடித்துக்கொண்டேன். எழுந்தபோது அவர்தான் நிறுத்தினார்.

"இது சில குடும்பத்துல கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கும். ரத்தம் கம்மின்னு ஒங்க சித்தப்பாவத் திருப்பி அனுப்புனோமே, அவர ஒரு தடவ கூட்டிட்டு வா. ஒனக்கும் வயசு ஏற ஏறப் பாத்துக்கணும்."

அன்றைக்கு மாலையே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் தொழுவத்தில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். சித்தி வாசலில் அரிசி புடைத்தது. தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது. குரலைக் குறைக்காமல் கேட்டேன்.

"சித்தப்பா, வெளிக்குப் போறப்ப ஒங்களுக்கு ரத்தம் வருதா?"

அவர் நிமிர்ந்தார். "என்னத்தா கேள்வி இது? தெருவுல நின்னு..."

"வருதா, இல்லையா?"

"ஒனக்குக் கூறு கெட்டுப்போச்சா? பொட்டப்பிள்ள கேக்குற கேள்வியா?"

"ஆமா. வருதா?"

சுளகு நின்றது. சித்தி எழுந்து வந்து தொழுவத்து வாசலில் நின்றது. சித்தப்பா சித்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தீவனக் கையை மாட்டின் முதுகில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்பவாச்சும்" என்றார் கடைசியில்.

"எம்புட்டு?" என்று கேட்டேன்.